நார்பர்ட்டின் நாற்பத்திரண்டு பசுக்கள்

என் தம்பி லியாண்டரைப் பற்றி ஒடிலியாவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நல்ல மனுஷன், ஆனால் பிடிவாதக்காரன். நல்ல மனுஷன் என்பதை ஊர் சொல்லட்டும். பிடிவாதத்தைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு ஷூ நாடா கட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அதற்கே எனக்கு ஒரு கோடைகாலம் முழுசாகப் போயிற்று.

அவன் பால் லாரி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி, வெண்ணெய் ஆலையில் இறக்கிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பேஸ்பால் மைதானத்துக்கு வந்துவிடுவான். புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, எங்கள் ஊர் அணியை நடத்துவது எல்லாம் அவன்தான். சம்பளம் கிடையாது. ஆடுகிறவர்களுக்கும் கிடையாது. பாதிப் பேர் பண்ணைக்காரர்கள், மீதிப் பேர் வெல்டர்கள், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மினசோட்டாவின் எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒரு சர்ச், ஒரு மதுக்கடை, ஒரு பேஸ்பால் மைதானம். லியாண்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மைதானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நான் சொல்வேன். அங்கே சாசேஜும் பியரும் விற்கிற பெர்னிட்டா கடை என்னுடையது, பெர்னிட்டா நான்தான். ஆக, நானும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன்.

பெரிய நகரத்து அணிகள் சீசன் நடுவில் ஆளை வாங்கும், விற்கும். நாங்கள் இரவல்தான் வாங்குவோம். பக்கத்து ஊர்களோடு ஆடும் வட்டப் போட்டியில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகிற அணி, தோற்றுப்போன ஊர்களிலிருந்து பந்து எறிகிறவன் ஒருவனையோ இருவரையோ துணைக்குக் கேட்டுக்கொள்ளலாம். அங்கே சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து ஆட்டம். சனிக்கிழமை எறிந்த கை ஞாயிற்றுக்கிழமை எறியாது, எறிந்தால் கெட்டுப்போகும். கேட்கிற பெயரை, வட்ட இறுதி ஆட்டம் முடிந்த அன்றைக்கே, சாயங்காலம் ஆறு மணிக்குள் சர்ச் ஹாலில் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். ஆறு அடித்தால் செயலாளர் நோட்டை மூடிவிடுவார். அப்புறம் அந்த ஆண்டவரே இறங்கி வந்து எறிகிறேன் என்றாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பதினோரு வருஷமாக லியாண்டர் யாரையும் கேட்கவில்லை. அதில் நாலு தடவை மாநிலப் போட்டிக்குப் போனோம். நாலு தடவையும் எங்கள் பையன்களின் கை ஓய்ந்துபோய்த் தோற்றுத் திரும்பினோம். "ஏன்டா, உதவி கேட்டா உன் கிரீடம் எறங்கிடுமா?" என்று மதுக்கடையில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவன் பியரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். கேட்டவனுக்கும் காரணம் தெரியும், அதுதான் கொடுமை.

கடைசியாக அவன் இரவல் வாங்கிய ஆள் நார்பர்ட் ரௌஷ். பன்னிரண்டு மைல் தள்ளி ஹென்கெல் என்ற ஊர். இடது கையால் எறிவான். நாற்பத்திரண்டு பசுக்கள், மனைவி ஆர்டிஸ், ஒரே மகன். 1976-இல், எழுபது மைல் தள்ளி நடந்த மாநிலப் போட்டியின் சனிக்கிழமை ஆட்டத்தில் பாதியில் இறங்கி எங்களை ஜெயிக்க வைத்தான். மறுநாள் இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு இன்னிங்ஸுக்கு மட்டும் வா என்று லியாண்டர் அவனைக் கெஞ்சினான். சரி என்றான். வீட்டுக்குக் கிளம்பும்போது, தலையில் ஹென்கெல் தொப்பியும் உடம்பில் எங்கள் சட்டையுமாக என் பக்கம் வந்து நின்றான். நாலு சாண்ட்விச் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

"இங்கயே தங்கிடலாமே. எதுக்கு எழுபது மைல் போய்ட்டு எழுபது மைல் வர்ற?" என்றேன்.

"பசு காத்துக்கிட்டிருக்கும் அக்கா. அதுங்களுக்கு பேஸ்பால் புரியறதில்ல."

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன், சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் சாவு என்றால், பக்கத்துப் பண்ணைக்காரன் சொல்லாமலே வந்து பால் கறந்துவிட்டுப் போவான். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. நார்பர்ட் விஷயத்தில் என்ன ஆயிற்று? இரவல் வாங்கினவர்கள் ஒடிலியாக்காரர்கள், அவர்கள் ஆள் அனுப்பியிருப்பார்கள் என்று ஹென்கெல் ஊர் இருந்துவிட்டது. அவன் ஊரில் ஆளா இல்லை என்று நாங்கள் இருந்துவிட்டோம். ஆளை வாங்கினோம், அவன் வேலையை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அவன் போய்க் கறந்தான். அன்றைக்கென்று ஒரு பசு கன்று போட முடியாமல் ராத்திரி முழுக்கத் தவித்தது, கூடவே இருந்தான். விடிகாலையில் மறுபடி கறந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தான். வெட்டவெளிச்சமான பதினோரு மணிக்கு, தூங்கிப்போய், நாற்சந்தியில் நிற்காமல் ஜல்லி லாரியில் மோதினான்.

ஒரு மணிக்கு ஆட்டம். லியாண்டர் வேலியோரம் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஹென்கெல்காரன் காலை வாரிட்டான் பாத்தியா" என்று பல்லைக் கடித்தான். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வேலிப் பக்கம் வந்தார்.

அடக்கத்துக்கு எங்கள் அணியின் பேரில் பெரிய மலர்வளையம் கொண்டுபோனோம். ஆர்டிஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரமே லியாண்டர் ஹென்கெல் சாலைப் பண்ணைகளை இன்னொரு டிரைவரிடம் தள்ளிவிட்டான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் குழி. ஆட்டத்துக்கு முன்னால் எறிந்து பழக எங்கள் மைதான ஓரத்தில் ஒரு மண்மேடு உண்டு. எறிகிறவன் முன்னங்காலை ஊன்றுகிற இடத்தில் குழி விழும். வலக்கைக்காரன் இடது காலை ஊன்றுவான், இடக்கைக்காரன் வலது காலை. அதனால் குழியைப் பார்த்தே யார் எறிந்தது என்று சொல்லிவிடலாம். நார்பர்ட்டுக்குப் பிறகு எங்களுக்கு இடக்கைக்காரன் அமையவே இல்லை. ஆனாலும் ஆகஸ்ட் வந்தால் இடக்கைக்காரன் குழி விழுந்துவிடும். லியாண்டர் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, தட்டி மூடுவான். இரண்டு நாளில் மறுபடி இருக்கும்.

"நாயா இருக்கும்டா," என்பேன்.

"நாய் இவ்வளவு சரியா எடம் பாத்தா தோண்டும்?" என்பான். ஒரு தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா, பந்து வந்து கையுறைல விழற சத்தம் கேக்குது. பளார்னு. திரும்பிப் பாத்தா யாருமில்ல."

"வயசாகுது, டாக்டர்கிட்ட காதைக் காட்டு," என்று சொல்லிவிட்டுச் சாசேஜைத் திருப்பிப் போட்டேன்.

1987-இல் எங்களிடம் எறிய இரண்டே பேர். ஒருவனுக்கு ஜூலையில் வைக்கோல் கட்டு ஏற்றும்போது விரல் முறிந்துவிட்டது. மற்றவன் என் மகன் டுவேன். வட்டம் முழுக்க அவன் ஒருவனே எறிந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வட்ட இறுதியிலும் அவனே எறிந்து ஜெயித்தான். ஊரே கத்தியது. நானும் கத்தினேன். அப்புறம் அவன் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்காமல், தலையைக் குனிந்து கைக்குக் கொண்டுபோனான்.

"கை எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

"அப்போ மேல் தட்டுல இருக்கற கடுகு பாட்டில எடுத்துக் குடு."

இடது கையை நீட்டினான். "அந்தக் கை இல்ல," என்றேன். அவன் வலது கையைத் தோள் வரைகூடத் தூக்க முடியாமல் கீழே விட்டான்.

மணி நாலரை. கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். லியாண்டர் அந்த மண்மேட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஜெயித்த அணியை நடத்துகிறவன் நிற்கிற மாதிரியா நின்றான்? சாலைப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு, வலது குதிகாலால் மண்ணை மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டிருந்தான். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம் வந்தது.

"நாயுமில்ல, பேயுமில்ல. கீழ பாருடா."

பார்த்தான். பூட்ஸைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், மறுபடி பூட்ஸைப் பார்த்தான்.

"நானா?"

"நீயேதான். அவன் வருவான்னு இன்னும் சாலையப் பாத்துக்கிட்டு நிக்கற."

"அப்போ அந்தச் சத்தம்?" என்றான்.

"டுவேனுக்குக் கை தூக்க முடியல," என்றேன். "ஒருத்தன் செத்துட்டான்னு பயந்துக்கிட்டு இன்னொருத்தன் கைய முறிக்கப் போறியா? அவன் என் புள்ள. ஆறு மணிக்குள்ள ஒரு பேரச் சொல்லு. இல்லன்னா நாளையிலேர்ந்து உனக்கு அக்கா கெடையாது."

"யார் இருக்கா, கேக்கறதுக்கு?"

"யார் இருக்கான்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்த வருஷம் தோற்ற ஊர்களில் மாநிலப் போட்டியில் நிற்கக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான். மைரன் ரௌஷ், நார்பர்ட்டின் மகன், இருபத்தொரு வயது. அவனும் இடக்கைக்காரன்.

சர்ச் ஹாலில் வழக்கம்போல ஹாம் சாண்ட்விச் தட்டோடு நான் சுவரோரம் நின்றேன். ஆறுக்குப் பத்து நிமிஷம். செயலாளர் பேனா மூடியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஒடிலியாவுக்கு வழக்கம்போல யாரும் வேண்டாம், அப்படித்தானே?"

லியாண்டர் எழுந்தான். "ஹென்கெல். ரௌஷ்."

"முழுப் பேரு?"

"நார்பர்ட் ரௌஷ்."

எங்கள் ஆட்கள் எதற்கும் சிரிப்பவர்கள். சாவு வீட்டில்கூடச் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. லியாண்டர் மட்டும், எழுதிக்கொள்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றான். என்ன சொன்னோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஹென்கெல் அணியை நடத்துகிற ஈவால்ட், நார்பர்ட்டின் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் ஒருவர், எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அவன் வர மாட்டான், லியாண்டர். பையன் பேரு மைரன்."

தம்பியின் முகம் வெளுத்துப்போயிற்று. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். "மைரன்," என்றான். "மைரன்னு எழுதுங்க." செயலாளர் தலை நிமிராமல் எழுதினார்.

"என் சம்மதம் உண்டு," என்றார் ஈவால்ட். "ஆனா அது போதாது. ஆர்டிஸ்கிட்ட நீயே போய்க் கேளு."

திங்கட்கிழமை காலை பால் லாரியில் போனோம். தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று நானும் ஏறிக்கொண்டேன். ஹென்கெலுக்குத் திரும்புகிற நாற்சந்தியில், நார்பர்ட் மோதினது இது இல்லை, வெறும் நாற்சந்திதான், லாரியை நிறுத்தினான். நாலு பக்கமும் சோளக்கொல்லை, ஒரு வண்டி இல்லை. நிறுத்தினவன் எடுக்கவே இல்லை. "போடா," என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தான்.

ஆர்டிஸ் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். அந்த வசந்தத்தில் இடுப்பில் ஆபரேஷன், கையில் ஊன்றுகோல். மைரன் பின்னால் வைக்கோல் கவைக்கோலோடு நின்றான். அப்பாவின் நீளக் கைகள் அப்படியே இருந்தன. லியாண்டர் அவனைப் பார்க்காமல் லாரி சக்கரத்தைப் பார்த்தான்.

"ரூட்டு மாறிடுச்சா?" என்றாள் ஆர்டிஸ்.

"இல்ல. மைரனைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"போன தடவையும் கைய மட்டுந்தான் கேட்டீங்க. முழு ஆளையும் எடுத்துக்கிட்டீங்க."

"அம்மா, எனக்குப் போகணும்," என்றான் மைரன்.

"நீ சும்மா இரு."

லியாண்டர் தொப்பியைக் கழற்றினான். "ரெண்டு நாளும் அங்கயே தங்கட்டும். ஸ்டியரிங்கத் தொட வேண்டாம். டுவேன் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்து விடுவான்."

"பசு?" என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைதான்.

"நான் கறக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷமாக இந்த ஒரு ஆட்டத்துக்காகப் புல் வெட்டினவன். "டேய், நீ அணிய நடத்தணும்டா. நம்ம பசங்கள்ல யாரையாவது அனுப்பிக்கலாம்."

"யாராவது போவாங்கன்னுதான் அக்கா அன்னைக்கும் நெனச்சோம்."

ஆர்டிஸ் ஊன்றுகோலைக் கொட்டகைப் பக்கம் நீட்டினாள். "காலைல நாலரை, சாயங்காலம் அஞ்சு," என்றாள். "மூணாவதா நிக்கறது ஒதைக்கும்."

அப்படித்தான் அந்தச் சனி, ஞாயிறு எங்கள் அணியை டுவேன் நடத்தினான். அந்த வாரம் முழுக்க ஓய்வு கொடுத்தால் ஒரு நாள் எறியலாம், இரண்டாவது நாள் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை எறிந்து ஜெயித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஞாயிறு மைரன். பெற்ற மகனின் ஆட்டத்தை விட்டுவிட்டு நான் ஏன் கொட்டகைக்குப் போனேன் என்று ஊரில் கேட்டார்கள். மாட்டுச் சாணம் மோந்து நாளாயிற்று என்று சொல்லிவைத்தேன். உண்மை என்னவென்றால், பசு காத்திருக்கும் என்று நார்பர்ட் சொன்னது என் காதில். லியாண்டருக்காவது தோன்றவில்லை. எனக்குச் சொல்லியே விட்டான். என் கணவர் அன்று வீட்டில் சும்மாதான் இருந்தார், நான் ஒரு போன் போட்டிருந்தால் அவரே போய்க் கறந்திருப்பார். பதினோரு வருஷமாக இதை நான் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. அந்த வருஷம் ஆட்டம் மூன்றரைக்குத்தான் தொடங்கியது, அங்கே பாதி தாண்டியிருக்கும். லியாண்டர் ஒவ்வொரு மடியாகக் கழுவித் துடைத்துக் கறவை இயந்திரத்தை மாட்டினான், நான் வாளி தூக்கினேன். மூன்றாவது பசு சொன்னபடியே உதைத்தது. சுவர்த் தட்டில் ஒரு ரேடியோ, தூசி படிந்து, சிலந்தி கூடு கட்டி இருந்தது. நார்பர்ட்டின் ரேடியோ. அதை அவன் தொடவில்லை. தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கை துறுதுறுத்தது.

ஆர்டிஸ் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் அவன் வேலை செய்வதைப் பார்த்தாள். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆர்டிஸ், அன்னைக்கு அவன் என்கிட்ட சொன்னான். பசு காத்துக்கிட்டிருக்கும்னு. நான் சிரிச்சேன்."

"எல்லார்கிட்டயும்தான் சொன்னான்," என்றாள். "விடிகாலைல என்னைய எழுப்பினான், பெர்னிட்டா. கொஞ்சம் கறந்துடறியா, ஒரு மணி நேரம் தூங்கிக்கறேன்னான். ஆட்டத்துக்குப் போறவனுக்கு நான் எதுக்கு எழுந்துக்கணும்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன்."

அவள் எட்டி ரேடியோவின் குமிழைத் திருப்பினாள். பதினோரு வருஷம் சும்மா கிடந்தது, கரகரத்துக்கொண்டு பேச ஆரம்பித்தது. ஏழாவது இன்னிங்ஸ், இரண்டுக்கு இரண்டு, எறிவது மைரன் ரௌஷ். அறிவிப்பாளர் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார். அந்த இடைவெளியில் பளார் என்று பந்து கையுறையில் விழுந்த சத்தம்.

லியாண்டர் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா," என்றான். "இது உனக்கும் கேக்குதா?"

"கேக்குதுடா."

"எனக்கும் கேக்குது," என்றாள் ஆர்டிஸ்.

சொல்லிவிடுகிறேன், தோற்றோம். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில், மூன்றுக்கு இரண்டு. லியாண்டர் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தான். கழுவின வாளியையே மறுபடி கழுவினான். வேலை முடிந்தும் கிளம்பவில்லை. மூன்று பேரும் முற்றத்தில் நின்று சாலையைப் பார்த்தோம். ஆறரை, ஏழு, ஏழரை. வெயில் சோளக்கொல்லைக்கு மேல் சாய்ந்துவிட்டது. யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

கடைசியில் தூரத்தில் புழுதி கிளம்பியது. டுவேனின் கார் மெதுவாக முற்றத்துக்குள் வந்து நின்றது. முன்சீட்டில் டுவேன் மட்டும்தான் இருந்தான். பின்சீட்டில் மைரன், எங்கள் சட்டையோடு, தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் திறந்து, அசையாமல் கிடந்தான். ஹென்கெல் தொப்பி மடியில் விழுந்திருந்தது. ஆர்டிஸின் கையிலிருந்து ஊன்றுகோல் நழுவி விழுந்தது. அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

லியாண்டர் ஓடினான். ஐம்பது வயசுக்காரன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்தான், சரிந்தவனைத் தோளோடு தாங்கிப் பிடித்தான். மைரன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஏறினதுலேர்ந்து நல்ல தூக்கம் மாமா," என்றான் டுவேன்.

மைரன் யார் முகம் என்று தெரியாமல் கொஞ்சம் விழித்துவிட்டுக் கேட்டான்: "பால் கறந்தாச்சா?"

"கறந்தாச்சு," என்றான் என் தம்பி. "நீ தூங்கு."